கோட்டுக்குள் இடது கால் ஷூ

இப்போதெல்லாம் சந்தையில் எவனும் விலை சொல்வதில்லை. ‘என்ன விலை’ என்று கேட்டால் ‘உங்ககிட்ட எவ்வளவு இருக்கு’ என்று திருப்பிக் கேட்கிறான். முன்பு பொருளைப் பார்த்து விலை சொன்னார்கள். இப்போது ஆளைப் பார்த்துச் சொல்கிறார்கள். சட்டை வெளுப்பாக இருந்தால் ஒரு விலை, காலில் சேறு இருந்தால் ஒரு விலை. முகத்தில் அவசரம் தெரிந்துவிட்டால் அதற்குத் தனி விலை. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அதிகம்.

கயோண்டோ இதை அன்று காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார். கேட்பதற்கு மகள் நல்வோகாவைத் தவிர யாரும் இல்லை. அவளும் மூன்றாவது முறை காதில் வாங்கிக்கொள்ளவில்லை. காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்துகொண்டிருந்தாள்.

நல்வோகாவின் இடது கால் வலது காலைவிட மூன்று விரற்கடை குட்டை. சின்ன வயதில் வந்த காய்ச்சல் செய்த வேலை. மிஷன் ஆஸ்பத்திரியில் அடி உயர்த்திய ஷூ ஒன்று செய்து கொடுத்திருந்தார்கள். அது ஏழு வருடம் உழைத்த பிறகு, போன மழைக்காலத்தில் வாயைப் பிளந்தது. அதற்குப் பிறகு ஒரு ரப்பர் செருப்பின் அடியில் டயர்த் துண்டை ஆணி அடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆணி வெளியே வரும்போதெல்லாம் கல்லால் தட்டி உள்ளே அனுப்புவாள்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். முதல் வகுப்பு டீச்சர். தலைமை டீச்சரம்மா அவள் காலைப் பார்த்துவிட்டு, “இதப் போட்டுக்கிட்டு வகுப்புக்குள்ள நிக்க முடியாதும்மா, ஷூ வேணும்” என்று சொல்லியிருந்தாள். சொல்லாவிட்டாலும் நிற்க முடியாது. இரண்டு காலும் சமமில்லாமல் அரை நாள் நின்றால் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். மறுநாள் எழுந்திருக்க மாட்டாள். ஆஸ்பத்திரியில் புதிதாகச் செய்ய மூன்று லட்சம் ஷில்லிங் கேட்டார்கள். கயோண்டோவிடம் இருந்தது நாற்பத்து நான்காயிரம். காப்பிக்கொட்டை விற்ற காசு, ஒரு சேவல் விற்ற காசு, அவ்வளவுதான். ஆகவே சனிக்கிழமை சந்தைகளில் நல்ல தோல் ஷூ ஒரு ஜோடி மலிவாகப் பிடிப்பது, செருப்புத் தைக்கத் தெரிந்த பங்காளியிடம் கொடுத்து இடது காலுக்கு அடி ஒட்டவைப்பது என்று முடிவு செய்திருந்தார். பங்காளி ஒட்டுவானா, ஒட்டினால் நிற்குமா என்பதெல்லாம் அவருக்கே நம்பிக்கை இல்லாத சங்கதி.

கோட்டுப் பையில் இரண்டு அளவு வைத்திருந்தார். ஒன்று வாழைநார். அதில் போட்ட முடிச்சு நல்வோகாவின் பாத நீளம். இன்னொன்று காப்பிச் செடியின் சின்னக் குச்சி. அந்தக் குச்சி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அவள் காலில் குறை.

காலை ஏழு மணிக்கு மேட்டுச் சந்தையில் கடை விரிக்கும்போதே போனார்கள். ஷூ விற்கும் பெண் ஒருத்தி அவரைப் பார்த்ததும் கும்பிடாத குறை. வயதானவர்களை அந்தப் பக்கம் ‘ஜாஜா’ என்றுதான் கூப்பிடுவார்கள்; தாத்தா என்று அர்த்தம்.

“ஜாஜா, இன்னும் போணி ஆகல. நீங்கதான் திறந்து வைக்கணும். இந்தக் கறுப்பு ஜோடி, பன்னிரண்டாயிரம் குடுங்க, பேரமே வேணாம்.”

அவர் கையில் எடுத்துப் பார்ப்பதற்குள் பின்னால் நல்வோகா வந்து நின்றாள். அந்தப் பெண்ணின் கண் அவள் காலுக்குப் போனது.

“அக்காவுக்கா? அப்ப அது வேணாம், தோல் மெல்லிசு. இதப் பாருங்க, கெட்டி அடி. இருபத்தஞ்சு.”

கயோண்டோ கையிலிருந்த ஷூவை அப்படியே கீழே போட்டுவிட்டு நடந்தார்.

“அப்பா, அவ வேற ஷூவக் காட்டினா. நல்ல ஷூப்பா அது.”

“உன் காலப் பாத்தா. பன்னிரண்டு இருபத்தஞ்சாச்சு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு நீ பாக்கல, நான் பாத்தேன்.”

“வேற ஷூன்னா வேற விலைதானே.”

“உன்னப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினதுக்குப் பதிலா சந்தைக்கு அனுப்பியிருக்கணும்.”

அடுத்த சந்தை பெட்ரோல் பங்குக்குப் பின்னால். அங்கே வெயில் ஏறும்வரை அலைந்தார்கள். அளவு சரியாக இருந்த ஷூ ஓட்டையாக இருந்தது. ஓட்டை இல்லாதது ஆம்பிளை ஷூவாக இருந்தது. நல்வோகாவின் செருப்பில் ஆணி மறுபடியும் தலையை நீட்டியது. குனிந்து தட்டிக்கொண்டே, “நியெண்டோவுக்குப் போயிடலாம்பா, மத்தியானம் அங்க ரெண்டாவது மூட்டை பிரிப்பாங்க” என்றாள்.

நியெண்டோ சந்தை லாரி நிற்கும் மைதானத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே பிருங்கி என்ற பெண்ணின் ஷூக் குவியல்தான் பெரியது. வெள்ளைக்கார நாடுகளிலிருந்து கப்பலில் வரும் பழைய ஷூ மூட்டை ஒன்றைச் சனிக்கிழமை தோறும் பன்னிரண்டு மணிக்குப் புதிதாகப் பிரிப்பாள். ஏரிக்கரை ஊர்களிலிருந்துகூட ஆட்கள் அதற்கு வருவார்கள். கயோண்டோ மகளைச் சர்ச்சுப் பக்கத்துப் பலா மரத்தடியில் உட்காரவைத்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த சுட்ட சோளக்கதிர் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

“இங்கயே இரு. நான் வந்து கூப்பிடற வரைக்கும் அந்தப் பக்கம் தலையக் காட்டாத.”

“போட்டுப் பாக்காம எப்படி வாங்குவீங்க?”

“அளவு பையில இருக்கு. நீ வந்தா விலை ஏறும். உன் கால் எனக்குப் பத்தாயிரம் செலவு வைக்கும்.”

இதைவிட மோசமாகவும் அவர் பேசுவார் என்று அவளுக்குத் தெரியும். சோளத்தைக் கடித்தாள்.

நியெண்டோவில் மூட்டை பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. மூட்டையின் தையலைக் கத்தியால் கிழித்ததும் எல்லோரும் பாய்வார்கள். எந்தப் பொருளின் மேல் உன் கை முதலில் விழுகிறதோ, அதைப் பேரம் பேச உனக்குத்தான் உரிமை. கை அதன்மேல் இருக்கும்வரை வேறு எவனும் அதற்கு விலை கேட்கக் கூடாது. கடைக்காரியே பிடுங்கக் கூடாது. கையை எடுத்தால் பேச்சும் போனது. சட்டை, பாவாடைக்கு இது சுலபம். ஷூவுக்குத்தான் வம்பு. கடலில் வரும் வழியில் கயிறு அறுந்து ஜோடி பிரிந்துவிடும். இடது ஒருவன் கையில், வலது இன்னொருவன் கையில் சிக்கினால் இரண்டு பேரும் விலை ஏற்ற வேண்டியதுதான். எவன் முதலில் கையை விடுகிறானோ அவன் தோற்றான். இன்னொன்றும் உண்டு. கொடுத்த பணம் வாங்கினவன் கைக்கே திரும்பி வந்துவிட்டால் வியாபாரம் முறிந்தது. பொருள் குவியலுக்குப் போய்விடும். வாங்கினவன் பெண்டாட்டி கைக்கு வந்தாலும், பிள்ளை கைக்கு வந்தாலும் அதே கணக்குத்தான்.

பிருங்கி மர ஸ்டூலில் ஏறி நின்றாள். கனத்த உடம்பு, கழுத்தில் துண்டு. கயோண்டோ முழங்கையால் இரண்டு பேரை ஒதுக்கி முன்வரிசைக்கு வந்திருந்தார். பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருத்தன். கிவும்பி என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். நல்ல ஷூவாகப் பொறுக்கி, பாலிஷ் போட்டு, ஆபீஸ் ஆபீஸாகப் போய் இரண்டு பங்கு விலைக்கு விற்கிறவன்.

“தள்ளாதீங்க ஜாஜா. இந்த வயசுல டான்ஸ் ஷூ தேடுறீங்களா?”

“உங்கப்பனுக்குத் தேடுறேன். அவன் வெறுங்காலோட அலையறான்னு கேள்விப்பட்டேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிவும்பியும் சிரித்தான். பிருங்கி கத்தியை இறக்கினாள்.

தையல் பிரிந்து வாய் திறந்ததும் கயோண்டோ கண்ணில் பட்டது ஒரே ஒரு சங்கதி. பழுப்பு நிறத் தோல். அதன் கீழே அடி. அந்த அடி கட்டியாக, செங்கல் கனத்துக்கு இருந்தது. அவர் யோசிக்கவில்லை. மூட்டைக்குள் தோள்வரை கையை விட்டார். யாரோ அவர் முதுகில் ஏறினார்கள். யாருடைய நகமோ காதைக் கீறியது. இழுத்ததை வெளிச்சத்துக்குக் காட்டாமல் நேராகக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

கோட்டுக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தார். இடது கால். பெண்பிள்ளை ஷூ. அடி உயர்த்தியது, ஆஸ்பத்திரியில் செய்ததுபோல ஒழுங்காக, விளிம்பெல்லாம் தைத்து. எந்த வெள்ளைக்காரி போட்டாளோ, அவள் காலும் இந்த மாதிரிதான் இருந்திருக்கிறது. மற்றக் கையைப் பைக்குள் விட்டுக் குச்சியை எடுத்தார். கோட்டு மறைவிலேயே குச்சியை அடியோடு நிறுத்தி, கட்டை விரலால் நுனியைத் தடவினார். குச்சியும் அடியும் ஒரே மட்டத்தில் முடிந்தன. வாழைநாரை உள்ளே விட்டு இழுத்தார். முடிச்சு குதிகாலில் வந்து நின்றது.

அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. இது தெரிந்தால் என்ன விலை சொல்வார்கள் என்ற பயம்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று லட்சம். இவள் ஒரு லட்சம் கேட்டாலும் கேட்பாள்.

இனி வலதைத் தேட வேண்டும். குவியலைப் பார்த்தார். அங்கே இல்லை. கிவும்பியின் கையில் இருந்தது. பழுப்புத் தோல், அதே தையல், சாதாரண அடி. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதோட ஜோடி யார்கிட்ட?” என்று கேட்டான்.

கயோண்டோ கோட்டை இழுத்து மூடப் பார்த்தார். ஆனால் கோட்டு விலகி ஷூவின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

“ஜாஜாகிட்ட இருக்கு,” என்றாள் பிருங்கி. “ஆளுக்கொண்ணு. நல்லாப் போச்சு. முப்பதாயிரம், யாருக்கு வேணும்?”

“முப்பதா? பத்து,” என்றார் கயோண்டோ.

“பதினஞ்சு,” என்றான் கிவும்பி.

“உனக்கு எதுக்குப் பொம்பளை ஷூ?”

“எனக்கா போட்டுக்கப்போறேன்? இந்தத் தோல் இத்தாலிக்காரன் வேலை. ஜட்ஜம்மா கால்ல ஏத்திடுவேன். உங்களுக்கு எதுக்கு?”

“பதினாறு.”

“கேட்ட கேள்விக்குப் பதில் வரல, விலைதான் வருது. இருபது.”

பிருங்கி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். வெயிலில் இப்படி இரண்டு பேர் மல்லுக்கு நின்றால் அவளுக்கு வாயைத் திறக்கும் வேலைகூட இல்லை. துண்டால் விசிறிக்கொண்டாள்.

“ஜாஜா, அந்த ஒண்ணக் காட்டுங்க. கிழிசல் இருந்தா நான் கொறச்சுச் சொல்றேன்.”

“கை வெச்சிருக்கேன்ல? அது போதும். முறை அதுதானே.”

“முறைதான். யார் இல்லேன்னா? காட்டினாத் தேஞ்சா போயிடும்?”

“இருபத்திரண்டு,” என்றார் கயோண்டோ, அவள் பக்கம் பார்க்காமல்.

இருபத்தைந்து, இருபத்தாறு, முப்பது என்று ஏறியது. கிவும்பி ஒவ்வொரு முறையும் தாராளமாக ஏற்றினான்; கயோண்டோ ஆயிரம் ஆயிரமாக. நெற்றியில் வேர்வை இறங்கிக் கண்ணில் எரிந்தது. துடைக்க ஒரு கை வேண்டும். ஒரு கை ஷூவில், ஒரு கை கோட்டை மூடியபடி. தலையைத் தோளில் தேய்த்துக்கொண்டார். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. தக்காளி விற்கிறவள் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள்.

“முப்பத்தஞ்சு,” என்றான் கிவும்பி. அவன் குரலில் விளையாட்டு குறைந்திருந்தது.

“முப்பத்தாறு.”

“ஜாஜா, நாப்பத்தஞ்சுக்கு மேல இதுக்கு எவளும் தரமாட்டா. நான் முப்பத்தெட்டு வரைக்கும் போவேன். அதுக்கு மேல என் புள்ள பட்டினி. இதோ, முப்பத்தெட்டு.”

இரண்டு பேருக்கு வண்டிக்கூலி நாலாயிரம். அதை ஒதுக்கினால் கயோண்டோவிடம் நாற்பதுதான். “நாப்பது,” என்றார்.

கிவும்பி ஷூவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், அவர் காலைப் பார்த்தான். காலில் லாரி டயர் செருப்பு. “நாப்பத்தொண்ணு,” என்றான். புள்ள பட்டினி என்றவன்தான்.

“நாப்பத்திரண்டு.” ஒருத்தருக்கு வண்டிக்கூலி போனது.

அதோடு நிற்காமல் கயோண்டோ மடியிலிருந்து பணத்தை ஒரு கையால் உருவி, இரண்டாயிரத்தை மட்டும் விரலிடுக்கில் நிறுத்திக்கொண்டு, மற்றதைப் பிருங்கியின் மடியில் போட்டார். பணம் விழுந்தால் பேச்சு முடிந்தது. பிருங்கி எண்ணினாள். “நாப்பத்திரண்டு. சரி. கிவும்பி, கைய விடு.”

கிவும்பி விடவில்லை.

“பிருங்கிக்கா, கொஞ்சம் இருங்க. டயர் செருப்புப் போட்ட கிழவர் பொம்பளை ஷூவுக்கு நாப்பத்திரண்டு குடுக்கறார். எடுத்ததும் கோட்டுக்குள்ள ஒளிச்சார். நீங்க காட்டச் சொன்னீங்க, காட்டல. அதுக்குள்ள என்னமோ இருக்கு.”

“என்ன இருக்கும்?” என்றாள் தக்காளிக்காரி.

“டாலர்,” என்றான் பின்னால் ஒருவன்.

அந்தச் சொல் விழுந்ததுதான் தாமதம். பழைய துணிச் சந்தையில் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். வெள்ளைக்காரனின் கோட்டுப் பையில், கைப்பை மடிப்பில் டாலர் கிடைத்த கதை. கிடைத்தவன் எப்போதும் அடுத்த ஊர்க்காரன்தான். ஆனாலும் கதையை நம்பாதவன் கிடையாது. வட்டம் சுருங்கியது. கயோண்டோவின் முதுகில் யாருடைய மூச்சோ பட்டது.

பிருங்கி எழுந்தாள். பணம் அவள் முஷ்டிக்குள் இருந்தது. “ஜாஜா, நான் ஷூவைத்தான் வித்தேன். உள்ள இருக்கறத விக்கல. காட்டுங்க.”

“பணத்த வாங்கிட்டே. பேச்சு முடிஞ்சுது. அவன வலதக் குடுக்கச் சொல்லு.”

“உள்ள ஒண்ணும் இல்லைன்னா ஏன் காட்ட மாட்டேங்கறீங்க?”

“ஏன் காட்டணும்?”

“கோட்டைத் திறங்கப்பா,” என்று ஒருவன் அவர் தோளில் கை வைத்தான். கயோண்டோ முழங்கையால் பின்னால் இடித்தார். அவன் முனகினான். இன்னொருவன் கோட்டின் காலரைப் பிடித்தான். தையல் விடும் சத்தம் கேட்டது. கயோண்டோ ஷூவை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக் குனிந்துகொண்டார். அடித்தாலும் இனி நிமிரப் போவதில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டவர் மாதிரி இருந்தார். இடுக்கில் வைத்திருந்த இரண்டாயிரம் கசங்கியது.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில், “தள்ளுங்க, எங்கப்பா அவரு” என்று ஒரு குரல் கேட்டது.

டயர்த் துண்டு தரையில் இழுபடும் சத்தம் முதலில் வந்தது. பின்னால் நல்வோகா வந்தாள். கையில் கடித்த சோளக்கதிர் அப்படியே இருந்தது. காலரைப் பிடித்திருந்தவனின் மணிக்கட்டில் கதிரால் ஓங்கி ஒன்று போட்டாள். அவன் விட்டான்.

“உன்ன வராதேன்னு சொன்னேன்ல?” என்றார் கயோண்டோ குனிந்தபடியே.

“டாலர் கிழவன அடிக்கறாங்கன்னு சர்ச்சு வரைக்கும் சத்தம் வருது. எனக்கு டாலர் கிழவன் எவன் தெரியும், உங்களத் தவிர? என்ன வெச்சிருக்கீங்க?”

“ஒண்ணும் இல்ல.”

“குடுங்க.”

அவர் கொடுக்கவில்லை. அவள் கோட்டுக்குள் கையை விட்டாள். மகள் கையை அவர் தட்டிவிட முடியவில்லை. அவள் ஷூவை வெளியே எடுத்தாள்.

கூட்டம் பார்த்தது. செங்கல் கனத்து அடி. எல்லோரும் ஷூவைப் பார்த்தார்கள், பிறகு நல்வோகாவின் இடது காலைப் பார்த்தார்கள், பிறகு வேறு எங்கேயோ பார்த்தார்கள். தக்காளிக்காரிக்குத் தன் கடை ஞாபகம் வந்தது.

கிவும்பி வலது ஷூவைத் தரையில் மெதுவாக வைத்தான். “இதையா நான் நாப்பத்தொண்ணுக்குக் கேட்டேன்? ஜட்ஜம்மா என்ன ஜெயில்ல போட்டிருப்பா.” யாரும் சிரிக்கவில்லை. “தப்பா எடுத்துக்காதீங்க அக்கா,” என்று நல்வோகாவிடம் சொன்னான்.

நல்வோகா ஸ்டூலைக் காலால் இழுத்து உட்கார்ந்து இரண்டையும் போட்டுக்கொண்டாள். கயிற்றைக் கட்டினாள். எழுந்து நின்றாள். தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றன. கயோண்டோ மேலும் கீழும் பார்த்தார். பையிலிருந்த குச்சியை எடுத்து ஒடித்துக் கீழே போட்டார்.

“கடிக்குதா?”

“இல்லப்பா.”

பிருங்கி நடுவில் வந்து நின்றாள். முஷ்டியைத் திறந்து பணத்தைப் பார்த்தாள்.

“ஜாஜா, இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணியிருப்பே? லட்சம் கேட்டிருப்பே.”

“லட்சமா? இந்த மாதிரி வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும். யாரும் கை வைக்க மாட்டாங்க. அடிய வெட்டி எடுக்கச் சொல்லி செருப்புத் தைக்கறவன்கிட்ட வீசிடுவோம். காட்டியிருந்தா மூவாயிரத்துக்குத் தந்திருப்பேன். அக்காவப் பாத்திருந்தா அதையும் வாங்கியிருக்க மாட்டேன்.”

“இப்ப சொல்லுவே.”

“சத்தியமாச் சொல்றேன். மூவாயிரம் எடுத்துக்கறேன். இந்தாங்க முப்பத்தொம்பது.” நோட்டுகளை நீட்டினாள்.

கயோண்டோ பாம்பைக் கண்டவர் மாதிரி ஓரடி பின்னால் போனார். இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டார். இவள் எவ்வளவு நைச்சியமாக வருகிறாள். பணம் கைக்கு வந்தால் வியாபாரம் முறிந்தது. ஷூ குவியலுக்குப் போய்விடும். அப்புறம் புது விலை. இப்போது அவர் மகள் காலில் போட்டு நின்றதை ஊரே பார்த்துவிட்டது. இனி என்ன விலை சொன்னாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

“அப்பா, வாங்குங்க.”

“நீ தொடாத. உன் கை என் கை.”

“ஜாஜா, ஷூ அக்காவோடது. நான் கேக்கவே மாட்டேன். இத்தன பேர் சாட்சி,” என்றாள் பிருங்கி.

“இத்தன பேர்தான் இப்ப என் கோட்டைக் கிழிச்சாங்க.”

பிருங்கி நோட்டுகளை அவர் கோட்டுப் பையில் திணிக்க வந்தாள். அவர் துள்ளி விலகினார். கிவும்பிக்கு இப்போது சிரிப்பு வந்துவிட்டது. “அக்கா, அவருக்கு வேணாம்னா எனக்குக் குடுங்க. நானும் நாப்பத்தொண்ணு சொன்னவன்தான்.”

“நீ வாய மூடு,” என்றாள் பிருங்கி. அவள் கண் கலங்கியிருந்தது. வெயிலாக இருக்கலாம் என்று கயோண்டோ நினைத்துக்கொண்டார். “எனக்கு இந்தப் பணம் வேணாம் ஜாஜா. ஒட்டாது.”

“ஒட்டலைன்னா கழுவிக்கோ.” மகள் பக்கம் திரும்பினார். “நட.”

“வண்டிக்கூலி?”

அவர் விரலிடுக்கில் கசங்கிக் கிடந்த இரண்டாயிரத்தை நீட்டினார். “நீ வண்டியில போ. நான் நடந்து வர்றேன்.”

“எட்டு கிலோமீட்டர்ப்பா. அங்க முப்பத்தொம்பதாயிரம் கைய நீட்டிக்கிட்டு நிக்குது.”

“திரும்பிப் பாக்காத. இப்ப ரெண்டு காலும் ஒரே உயரம், வேகமா நட.”

நல்வோகா பிருங்கியிடம் போய் ஏதோ சொன்னாள். கை எதையும் வாங்காமல் பின்னால் கட்டியிருக்கிறதா என்று கயோண்டோ உற்றுப் பார்த்தார். கட்டித்தான் இருந்தது. திரும்பி வந்து, அவரிடமிருந்து இரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டு வண்டி நிற்கும் பக்கம் நடந்தாள். டயர் இழுபடும் சத்தம் இல்லை. அவர் மறுபடியும் கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டு அவள் பின்னாலேயே போய், வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்காரும்வரை நின்றார். வண்டி புறப்பட்ட பிறகுதான் அக்குளிலிருந்து கையை எடுத்தார்.

மேட்டு ரோட்டில் ஏறி நடக்க ஆரம்பித்தார். கிழிந்த காலர் காற்றில் அடித்தது. திருப்பத்தில் ஒரு முறை பின்னால் பார்த்தார். கூட்டம் கலைந்து குவியலுக்குத் திரும்பியிருந்தது. பிருங்கி மட்டும் ரோட்டோரம் வந்து, நெற்றியில் கை வைத்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் நோட்டுகள் அப்படியே இருந்தன.

வேகத்தைக் கூட்டினார். இந்தக் காலத்தில் எவள் பொருளையும் கொடுத்துப் பணத்தையும் கொடுப்பாள்? அழுகை வேறு. முப்பத்தொன்பதாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி ரோடுவரை வருகிறாள் என்றால் அந்த ஷூவில் அவள் எதையோ பார்த்திருக்கிறாள். அவ்வளவு கனத்த அடி. உள்ளே என்ன வைத்துத் தைத்திருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும் முதலில் அதைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தார்.